கோட்டுக்கு ஒரு சாண் பின்னால்

ஜூன் 4, புதன்

வருஷா வருஷம் மர டிப்போக்காரர் தரும் டைரியில் மைக்செட் புக்கிங் மட்டும்தான் எழுதுவது வழக்கம். கல்யாண சீசன் முடிந்துவிட்டது. ஆடி மாத அம்மன் கோயில் கொடை வரும்வரை பக்கங்கள் சும்மா கிடக்கும். நல்ல வழுவழுப்பான காகிதம், வீணாக்க மனசில்லை, அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இன்று இரண்டு ஹாரன் ஸ்பீக்கரைக் கழற்றித் துடைத்தேன். ஒன்றுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு மகள் கெசியாவை டென்னிஸ் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனேன். வழக்கம்போல் வீட்டுக்காரி புஷ்பம் வாசலில் நின்று கேட்டாள்.

"அவளே சைக்கிள்ல போயிருவா. பதினாறு வயசாச்சி. நீங்க எதுக்குக் கடையைப் பூட்டிட்டு அலையுதீய?"

"பாளையங்கோட்டை ரோட்டுல பஸ்காரன் ஹாரன் அடிச்சா அவளுக்குக் கேக்குமா?"

"ஸ்கூலுக்கு மட்டும் அதே ரோட்டுலதான் தனியாப் போறா."

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

கோர்ட்டைப் பற்றி எழுத வேண்டும். பழைய கிளப்பின் மண் கோர்ட். ஓரத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு, அதில்தான் நான் உட்காருவேன். எனக்கு டென்னிஸ் தெரியாது. யாருக்கு எத்தனை பாயிண்ட் என்று கோச் மாரியப்பனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

கெசியா பந்தை அடிக்கும்போது ஒரு சத்தம் வரும். அடிவயிற்றில் 'ஹ' என்று கனமாகப் புறப்பட்டு, பந்து வலையைத் தாண்டும்போது மேலே ஏறி, அந்தப் பக்கம் விழுகிற நேரத்தில் கொஞ்சம் கிறீச்சிட்டு முடியும். சர்வீஸ் போடும்போது இன்னும் பெரிது. எந்த மைக்கும் வேண்டாம், போஸ்ட் ஆபீஸ்வரை போகும். முப்பது வருஷமாக ஸ்பீக்கர் கட்டிப் பிழைக்கிறவன் சொல்கிறேன், அப்படி ஒரு வீச்சு எந்தப் பெட்டியிலும் கிடையாது.

அவளுக்கு அது தெரியாது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. சின்ன வயதில் மாட்டிய மெஷினால் தலைவலிதான் மிச்சம், கழற்றி வைத்துவிட்டாள். தான் ஓங்கி மூச்சு விடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டாம் என்று மாரியப்பனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் அவள் வாயைத் திறப்பதே இல்லை. எல்லாம் கை பேச்சுதான்.

கை பேச்சில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. விரலை நீட்டினால் முடிந்தது. ஆகவே இந்த டைரியில் என் மகள் என்னை 'நீங்க' என்று கூப்பிடுவதாக எழுதிக்கொள்கிறேன். மரியாதையைக் கேட்டு வாங்கினால் என்ன, எழுதி வாங்கினால் என்ன.

ஜூன் 14, சனி. மதுரை

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான போட்டி. பஸ் அலுப்பு கண்ணைக் கட்டுகிறது, இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

முதல் செட்டை கெசியா சுலபமாக எடுத்துவிட்டாள். எதிரே ஆடியது நிவேதிதா என்று மதுரைப் பெண். நல்ல ஆட்டக்காரிதான். இரண்டாவது செட் ஆரம்பத்தில் கெசியா போட்ட சர்வீஸை அடிக்காமல் விட்டுவிட்டு அந்தப் பெண் கையைத் தூக்கினாள். ரெஃப்ரீ வித்யா மேடம் போய்ப் பேசினார். அப்புறம் நேரே நான் நின்ற கம்பி வேலிக்கு வந்தார்.

"சார், நீங்கதானே கெசியாவோட ஃபாதர்? உங்க பொண்ணு போடற சத்தம் அந்தப் பொண்ணுக்கு இடைஞ்சலா இருக்காம். நானும் கவனிச்சேன். பந்து அந்தப் பக்கம் போய் அவங்க அடிக்கற வரைக்கும் சத்தம் நிக்கலை."

"மேடம், அவளுக்குக் காது கேக்காது."

"தெரியும் சார். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை பாயிண்டைத் திரும்ப ஆடச் சொல்றேன். மறுபடி நடந்தா பாயிண்ட் அவங்களுக்குப் போயிடும். அப்படியே அவகிட்ட சொல்லிடுங்க."

கெசியா ராக்கெட்டை இடுக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். வேர்வை வழிந்துகொண்டிருந்தது. முதல் செட் எடுத்த சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது.

கை தூக்கினேன். தொண்டையைத் தொட்டுக் காட்டப் போனேன். ஆனால் கை கீழே இறங்கி என் செருப்பைக் காட்டியது.

"உன் கால் கோட்டை மிதிக்குதாம். சர்வீஸ் போடும்போது பாத்துக்கோ. இந்தப் பந்தைத் திரும்பப் போடச் சொல்றாங்க."

அவள் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் நின்று போட ஆரம்பித்தாள். பந்தைப் பார்க்க வேண்டிய கண் காலைப் பார்த்தது. சர்வீஸ் வலையில் விழுந்தது, வெளியே விழுந்தது. அடியில் வலு போனதும் சத்தமும் தானாகக் குறைந்துவிட்டது. வித்யா மேடம் தூரத்திலிருந்து எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்த இரண்டு செட்டும் போய்த் தோற்றாள். வெளியே வரும்போது மேடம், "தேங்க்ஸ் சார், புரியற மாதிரி சொல்லிட்டீங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள்.

"தப்பு என் மேலதாம்ப்பா. கால் போறது எனக்கே தெரியலை. நீங்க சொல்லலைன்னா தெரிஞ்சிருக்காது" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

கோவிலில் ஆராதனை. போதகரின் மைக் கொரகொரவென்றது. நான் எழுந்து போய்ச் சரி செய்தேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று புஷ்பம் கேட்டாள், சொல்லத் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் நேற்று நான் செய்தது சரிதான். ஆட்டத்துக்கு நடுவில் அதைச் சொன்னால் என்ன ஆகியிருக்கும்? சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 20, வெள்ளி

கெசியா செங்கல் துண்டை எடுத்து, கடைசிக் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் இன்னொரு கோடு கிழித்துக்கொண்டு சர்வீஸ் பழகுகிறாள். ஒவ்வொன்று போட்டதும் குனிந்து ஷூவின் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கிறாள். மண் கோர்ட்டில் தடம் நன்றாகத் தெரியும். தடம் சரியாக இருந்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

எலி இரண்டு வயரைக் கடித்துவிட்டது. பொறி வாங்க வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

இன்று சத்தமே வரவில்லை என்று சொல்ல வேண்டும். 'ஹ' என்று ஆரம்பிக்கிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. காற்று எதிர்ப்பக்கமாக அடித்ததால் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். பெஞ்சை மாற்றி வலைப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கும் இல்லை.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன். வயிறு சரியில்லை.

ஜூலை 3, வியாழன்

மாரியப்பன் கடைக்கே வந்துவிட்டான். டீ சொன்னேன். வேண்டாம் என்றான்.

"அண்ணாச்சி, பிள்ளை ஏன் கோட்டைவிட்டு அம்புட்டு தள்ளி நிக்கான்னு வாட்ஸாப்புல கேட்டேன். மதுரைல ரெஃப்ரீ ஃபுட் ஃபால்ட்டுன்னு சொன்னாங்களாம். நான் மூணு வருஷமா அவளுக்குச் சொல்லிக் குடுக்கேன். ஒரு நாளும் அவ கால் கோட்டுல பட்டது கிடையாது. அந்த மேடத்துக்கே போன் போட்டேன்."

வயர்ச் சுருள் ஒன்றை எடுத்து அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"அவங்க சொன்னது சத்தத்தைப் பத்தி. நீங்க சொன்னது காலைப் பத்தி. அப்படித்தான?"

"மாரியப்பா, அவளுக்குத் தெரிஞ்சா அதையும் நிறுத்திருவாடே."

"நிறுத்தட்டும், நிறுத்தாமப் போட்டும். நல்லா இருந்த சர்வீஸை ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டீயளே அண்ணாச்சி. காலைப் பாத்துப் பாத்து, பந்தை எங்க தூக்கிப் போடணும்னே அவளுக்கு மறந்துபோச்சி. அடுத்த மாசம் தூத்துக்குடில ஆடுறா. அதுக்குள்ள நீங்க சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லிருவேன். உங்க முகத்துக்காகத்தான் இன்னிக்குப் பொறுத்திருக்கேன்."

கோபமாகப் போனவன் திரும்பி வந்து டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

ஜூலை 4, வெள்ளி

ஆம்ப்ளிஃபயரில் ஃப்யூஸ் மாற்றினேன். சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

மாரியப்பன் புஷ்பத்திடமும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. கெசியா ஸ்கூலுக்குப் போனதும் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு அப்படிச் சொன்னீய?"

"அந்த கிறிஸ்துமஸ் உனக்கு மறந்துபோச்சா?"

அவளுக்கும் மறக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, ஞாயிறு பள்ளி கிறிஸ்துமஸ் விழாவில் கெசியாவை ஒரு வேத வசனம் சொல்ல மேடையேற்றினார்கள். வாய்ப்பேச்சு கற்றுக்கொண்டிருந்த சமயம். பிள்ளை ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தாள். சொல்லவும் சொன்னாள். பாதியில் முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அவளுக்குக் கேட்கவில்லை. காதைப் பொத்திய கைகள் தெரிந்தன. மேடையை விட்டு இறங்கி வந்தவள் அதோடு வாயை மூடினவள்தான். தெரபி டீச்சர் கெஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். 'அப்பா' என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்வாள். அதுவும் போயிற்று.

"அப்போ எட்டு வயசுப் பிள்ளை. இப்போ அப்படியா?" என்றாள் புஷ்பம்.

"அவ மனசு புண்படக் கூடாதுன்னுதான்."

"அவ மனசு மட்டும்தானா?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கத்தரிக்காய் வாங்கச் சொன்னாள், வெண்டைக்காய் வாங்கி வந்தேன்.

ஜூலை 12, சனி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தவளைக் கடையிலேயே இருக்கச் சொன்னேன். மதுரையில் முதல் செட்டைப் புஷ்பத்துக்குக் காட்டுவதற்காக செல்லில் வீடியோ எடுத்திருந்தேன். அந்த செல்லை சவுண்ட் மிக்ஸரில் சொருகினேன். பெரிய பாஸ் ஸ்பீக்கர் பெட்டியின் துணிமேல் அவள் உள்ளங்கையை எடுத்து வைத்தேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பாட்டு போடு போடு என்று உயிரை எடுப்பாள். அதனால் சிரித்தாள்.

வால்யூமைக் கூட்டினேன். பெட்டி அதிர்ந்தது. ஒரு அதிர்வு, நின்று, இன்னொரு அதிர்வு.

"என்ன பாட்டு?" என்று கேட்டாள்.

"பாட்டு இல்லை. நீ."

அவளுக்குப் புரியவில்லை. செல்லைத் திருப்பிப் படத்தைக் காட்டினேன். படத்தில் அவள் பந்தை அடிக்கும்போதெல்லாம் கையில் பெட்டி அதிர்ந்தது. நிவேதிதா அடிக்கும்போது பேசாமல் இருந்தது. மூன்று நான்கு தடவை ஓட விட்டுப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

"எப்ப இருந்து?"

"நீ ராக்கெட்டைப் பிடிச்ச நாள்ல இருந்து."

"யார் யாருக்குத் தெரியும்?"

"கோர்ட்டுக்கு வர்ற எல்லாருக்கும்."

சுருட்டி வைத்திருந்த வயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையோ கணக்குப் போட்டாள்.

"மதுரையில அந்த மேடம் சொன்னது இதுவா?"

"ஆமா."

"அப்போ கால்?"

"கால் சரியாத்தான் இருந்துச்சு."

எழுந்து நின்றாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து என் முகத்துக்கு நேரே ஒரு சாண் காட்டினாள். இன்றைக்கு அவள் பேசியதை 'நீங்க' போட்டு எழுதக் கை வரவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு சாண். இல்லாத தப்புக்கு நான் தினமும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். நீ பெஞ்சில உக்காந்து சிரிச்சே. சத்தம் என்னோடது. அதை வச்சுக்கறதா வேண்டாமான்னு நான் பாத்துக்குவேன். உன்கிட்ட நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே சொல்லு. உன் காதை நம்பித்தானே நான் வெளியே போறேன்."

உனக்காகத்தான் மறைத்தேன், நீ வருத்தப்படுவாய் என்றுதான் மறைத்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். யாரும் எதுவும் உள்ளே சொல்ல முடியாது. நான் கையைத் தூக்கிக்கொண்டு எதிரே நின்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

கோவிலிலும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூலை 18, வெள்ளி

சைக்கிளில் தனியாகவே கோர்ட்டுக்குப் போகிறாள். நான் உள்ளே வரக் கூடாதாம். புஷ்பம் வழியாகச் சொல்லி அனுப்பினாள்.

கிளப் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு டீக்கடை இருக்கிறது. ரோட்டிலிருந்து கோர்ட் தெரியாது, சுவர் மறைக்கும். அங்கே நின்று டீ குடித்தேன். டீ நன்றாக இருந்ததால் இன்னொன்றும் குடித்தேன். பந்து அடிபடும் சத்தம் மட்டும் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறாள் என்று மாரியப்பன் அப்புறம் சொன்னான். கைக்குட்டையைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டும் பார்த்தாளாம். ஒரு சர்வீஸ்கூட ஒழுங்காக விழவில்லையாம்.

வீட்டுக்கு வந்து அசிடிட்டி மாத்திரை போட்டேன். டீ ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 24, வியாழன்

நான் நாற்காலியில் உட்கார்ந்து ஆயுதப்படை ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு வயர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹால் லைட் அணைந்து எரிந்தது. எங்கள் வீட்டில் கூப்பிடுவது அப்படித்தான். திரும்பிப் பார்த்தேன். கெசியா டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டு டென்னிஸ் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வரச் சொன்னாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துக் கை அசைக்கிறாள்.

"இவங்க எல்லாரும் அடிக்கும்போது வாயைத் திறக்கறாங்களே. சத்தமா?"

"சிலர்."

"எவ்வளவுன்னு காட்டுங்க."

சத்தத்தைக் கூட்டினேன். கையைத் தரையிலிருந்து உயரத்தில் வைத்துக் காட்டினேன். நெற்றியில் துணி கட்டியவனுக்கு முழங்கால் அளவு. நெட்டையாக ஒருத்திக்கு இடுப்பளவு. சில பேருக்குத் தரையோடு தரை. அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். வேறு சானலில் பழைய ஆட்டம் ஒன்று போனது, அதையும் கேட்டாள். என் வாழ்நாளில் டென்னிஸை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"இவங்களையும் திட்டறாங்களா?"

"திட்டத்தான் செய்யறாங்க. ஆம்பளைங்களைக் கொஞ்சம் கம்மியா."

"எனக்கு எவ்வளவு?"

எழுந்து நின்றேன். கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். போதவில்லை என்று தோன்றியதால் நாற்காலியில் ஏறி பீரோவின் உச்சியைத் தொட்டுக் காட்டினேன். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த புஷ்பம், கெட்டுப்போன ஃபேனைத்தான் கழற்றப் போகிறேன் என்று நினைத்தாளாம். கெசியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கேக்க அசிங்கமா இருக்குமா?"

இந்த ஒரு தடவை யோசித்துத்தான் கையைத் தூக்கினேன்.

"அழகா இருக்கும்னு சொல்ல மாட்டேன். பெரிசா இருக்கும். கடைசியில கொஞ்சம் கிறீச்சிடும். முதத் தடவை கேக்கறவங்க திரும்பிப் பாப்பாங்க."

அவள் தலையாட்டினாள். நான் நிஜத்தைத்தான் சொல்கிறேன் என்று நம்பியது தெரிந்தது.

"உங்களுக்கு?" என்றாள்.

அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. வயர் கணக்கு பாதியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

கொடை புக்கிங் நான்கு. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டும். சீரியல் பல்பு செட்டில் பாதி எரியவில்லை.

மாரியப்பன் வந்தான். கெசியா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாளாம். வாயை மூடி ஆட மாட்டாளாம், மூடினால் கை ஓடவில்லையாம். பழையபடி நீளமாகவும் விட மாட்டாளாம். வலைக்கு அந்தப் பக்கம் மாரியப்பன் துண்டோடு நிற்கிறான். பந்து தரையில் குத்தும்போது சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் துண்டை உயர்த்துகிறான். அவள் வயிற்றில் கையை வைத்து, மூச்சு எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டுகிறாள். சர்வீஸ் திரும்பி வந்துவிட்டது, கோட்டை ஒட்டித்தான் நிற்கிறாள் என்றான்.

டீக்கடைக்குப் போனேன். ஆமாம், நீளம் குறைந்திருக்கிறது. கனம் குறையவில்லை. முதல் சத்தம் சுவரைத் தாண்டி வந்தபோது கையிலிருந்த டீ சட்டையில் கொட்டிவிட்டது. டீக்கடைக்காரர் என்ன அண்ணாச்சி கண்ணுல தூசியா என்று கேட்டார். தூசிதான்.

ஆகஸ்ட் 9, சனி. தூத்துக்குடி

புஷ்பம் போனில் முதலில் கேட்டது ரிசல்ட்தான், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஜெயித்துவிட்டாள். மூன்றாவது செட்வரை போனது. நாளைக்குக் கால் இறுதி.

நான் போவதாகவே இல்லை. ஸ்கூலிலிருந்து கை பேச்சு தெரிந்த ரோஸ்லின் டீச்சர்தான் கூடப் போவதாக ஏற்பாடு. ஆனால் டீச்சருக்குக் காலையில் ஸ்கூல் வேலை இருந்தது, பதினோரு மணிக்குமேல்தான் வந்து சேர முடியும் என்றார். அதுவரைக்கும் நீங்க நில்லுங்க என்று கெசியாவே சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எதிரே ஆடியது ஒரு கோயம்புத்தூர்ப் பெண். ரெஃப்ரீ அதே வித்யா மேடம். கெசியா கோட்டை ஒட்டி நின்று சர்வீஸ் போட்டாள். 'ஹா' என்று வெட்டினாற்போல் ஒரு சத்தம். பக்கத்துக் கோர்ட்டில் ஆடியவர்கள்கூட ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார்கள். முதல் செட்டில் தோற்றாள், இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதன் ஆரம்பத்தில் அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

மேடம் வேலிப் பக்கம் வந்தார்.

"சார், அவங்க சத்தத்தைப் பத்தி கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க. நான் இவ்வளவு நேரம் கவனிச்சதுல, அவங்க திருப்பி அடிக்கறதுக்கு முன்னாடியே அது முடிஞ்சிடுது. அதனால இப்போதைக்கு நான் தடுக்க மாட்டேன். ஆனா நீளமாப் போய் அவங்க ஆட்டத்துல குறுக்கிட்டா பாயிண்ட் போயிடும். இதை அப்படியே சொல்லுங்க."

கெசியா வந்து நின்றாள். இந்தத் தடவை அவள் கண் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளை மட்டும் பார்த்தது. சொன்னேன். தொண்டையைத் தொட்டேன், அந்தப் பெண்ணைக் காட்டினேன், புகார் என்றேன், தடுக்க மாட்டார்கள் என்றேன், நீண்டால் பாயிண்ட் போகும் என்றேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் திரும்பி மேடத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க சொன்னது அவங்க சொன்னதுதானான்னு அவங்ககிட்ட கேளுங்க."

அதையும் நான்தானே சொல்ல வேண்டும்.

"மேடம், நான் இப்ப அவகிட்ட சொன்னது நீங்க சொன்னதுதானான்னு என் மக கேக்கா."

வித்யா மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

நியாயமான கேள்வி. மேடம் என் முகத்தையும் கெசியாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மதுரையில் நடந்தது அவருக்கும் மாரியப்பன் வழியாகத் தெரியும்தானே. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வேலிக் கதவைத் திறந்து நேரே அவள் முன்னால் போய் நின்றார்.

அவருக்குக் கை பேச்சு தெரியாது. தெரிந்தமட்டும் செய்தார். தன் தொண்டையைத் தொட்டார். வாயைத் திறந்து காட்டினார். அந்தப் பெண்ணைக் கைகாட்டினார். பிறகு இரண்டு கையாலும் தன் காதைப் பொத்திக்கொண்டார்.

எது நடக்கக் கூடாதென்று நான் அத்தனை பொய்யும் சொன்னேனோ அது என் கண் முன்னாலேயே நடந்தது. ஓடிப்போய் அந்தக் கைகளை இழுத்துவிட வேண்டும்போல இருந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கெசியா முகம் சுருங்கவில்லை. காதைப் பொத்திய கைகளைப் பார்த்தாள், மேடம் கண்ணைப் பார்த்தாள், அடுத்து என்ன என்று காத்திருந்தாள். மேடம் இரண்டு கையையும் விரித்து நீளமாகக் காட்டி, கூடாது என்று விரலை ஆட்டினார். கைகளைக் கிட்டே கொண்டுவந்து குட்டையாகக் காட்டி, கட்டைவிரலைத் தூக்கினார். கெசியா தலையாட்டினாள். தானும் கட்டைவிரலைத் தூக்கினாள். மேடம் சிரித்துவிட்டுப் போனார். எல்லாம் முடிய அரை நிமிஷம் ஆகியிருக்காது.

அந்த நேரம் பார்த்து ரோஸ்லின் டீச்சர் பையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கெசியா அவருக்குக் கையசைத்துவிட்டு வேலிக்குக் கிட்டே, என் எதிரே வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள். "ஆனா இனிமே எல்லா இடத்துக்கும் டீச்சர் நிக்கட்டும். நீங்க சொல்ல வேண்டாம். நீங்க மேல படியில போய் உக்காருங்க."

நான் தலையாட்டினேன். அவள் போகவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாக, எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"டென்னிஸ் உங்களுக்குத் தெரியாது. தினமும் கடையைப் பூட்டிட்டு வர்றீங்க. டீக்கடையிலயும் வந்து நின்னீங்கன்னு கோச் சொன்னார். எதுக்கு வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். போய் சத்தத்தைக் கேளுங்க."

டீச்சருக்கு வேலிப் பக்கம் இடம் விட்டு நகர்ந்தேன்.

படியேறிப் போய் வெயிலில் உட்கார்ந்தேன். ஜெனரேட்டர்காரன் போன் அடித்துக்கொண்டே இருந்தான், எடுக்கவில்லை. அவள் கோட்டை ஒட்டி நின்று பந்தைத் தூக்கிப் போட்டாள். இத்தனை வருஷம் திருட்டுத்தனமாகக் கேட்டதை இன்று அவள் சொல்லிக் கேட்டேன்.